வேலையா, மேற்படிப்பா: பதினைந்து நாளில் முடிவுக்கு வருவது எப்படி?

கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்துவிட்டது. ஆஃபர் லெட்டர் மெயிலில் கிடக்கிறது. அதே சமயம் கேட் (GATE) மதிப்பெண்ணும் வந்திருக்கிறது, அல்லது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் தந்திருக்கிறது. ‘கையில் இருப்பதை விடாதே’ என்கிறார் அப்பா. ‘இப்போது படிக்காவிட்டால் அப்புறம் எப்போதுமே படிக்க மாட்டாய்’ என்கிறார் பேராசிரியர். இருவரும் அவரவர் பார்த்ததைச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக் கணக்கும் உங்கள் துறையின் நிலவரமும் அதில் இல்லை.

‘எது நல்லது?’ என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. கேள்வியை மூன்றாக உடைத்துக்கொள்ளுங்கள்.

1. நான் போக நினைக்கும் வேலைக்கு அந்தப் பட்டம் கட்டாயமா?
2. படிக்கும் காலத்தில் என் சம்பளம் இல்லாமல் வீடு தாங்குமா?
3. இன்று விட்டால் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது?

வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலானோர் இரண்டாவதில் தொடங்கி, பணம் இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் வேலை என்று முடித்துவிடுகிறார்கள். பட்டம் தேவைப்படாத துறையில் கடன் வாங்கிப் படிப்பவர்களும், பட்டம் இல்லாமல் நகரவே முடியாத துறையில் பத்து ஆண்டு தேங்கி நிற்பவர்களும் இப்படித்தான் உருவாகிறார்கள்.

## தொடங்கும் முன்: மேசையில் இருக்க வேண்டியவை

- ஆஃபர் லெட்டரின் முழுப் பிரதி, இணைப்புப் பக்கங்களோடு. வெறும் ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ மட்டும் வந்திருந்தால் அதை வேலையாகக் கணக்கில் வைக்காதீர்கள். அது எடுத்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொல்லும் கடிதம். சம்பள விவரமும் சேரும் தேதியும் அதில் பெரும்பாலும் இருக்காது.
- சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், உதவித்தொகை உண்டா என்பதற்கு எழுத்தில் உள்ள ஆதாரம்.
- வீட்டின் மாத வரவு செலவு, நிலுவையில் உள்ள கடன்கள், அடகில் உள்ள நகைகள்.
- ஒரு நோட்டுப் புத்தகம். இதை மனக்கணக்காகப் போட வேண்டாம்.

## படி 1: எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள் (முதல் நாள்)

முதலில் தெரிய வேண்டியது எது எந்த நாளில் காலாவதியாகிறது என்பது. ஒரு பக்கம் வேலை, மறு பக்கம் படிப்பு என்று கோடு போட்டு, கீழுள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை எழுதுங்கள்.

வேலைப் பக்கம்: ஆஃபருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள், சேரும் நாள், அரியர் இல்லாமல் பட்டம் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதற்கான நாள்.

படிப்புப் பக்கம்:

- கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. முடிவு மார்ச்சில் வருகிறது. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஆனால் கேட் வழியாக ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தந்த ஆண்டின் மதிப்பெண்ணைத்தான் ஏற்கின்றன.
- ஐ.ஐ.டி. எம்.டெக். இடங்களுக்கான கோஆப் (COAP) என்ற சேர்க்கைச் சுற்றுகள் மே மாத வாக்கில் தொடங்கும். இடம் வந்தால் மூன்று வழி உண்டு: ஏற்று உறுதி செய்வது, கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டுக் காத்திருப்பது. மூன்றாவதை அழுத்தினால் அந்த இடம் திரும்ப வரும் என்று நம்பியிருக்க முடியாது. என்.ஐ.டி.க்களுக்கு சி.சி.எம்.டி. என்ற தனிக் கலந்தாய்வு.
- ஜி.ஆர்.ஈ. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். டோஃபல், ஐ.ஈ.எல்.டி.எஸ். இரண்டு ஆண்டு.
- அமெரிக்காவில் உதவித்தொகையோடு இடம் வந்தால் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. உதவித்தொகை இல்லாத இடத்துக்கு அது பொருந்தாது. உங்கள் கடிதத்தில் உள்ள தேதிதான் கணக்கு.

இந்தத் தாளை எழுதி முடித்ததுமே ஒன்று தெரியும். தேர்வு மதிப்பெண் காத்திருக்கும். உதவித்தொகையோடு வரும் இடம் பெரும்பாலும் காத்திருக்காது. வேலை ஆஃபர் சில வாரங்கள்தான் நிற்கும். ஆனால் அதே மாதிரி இன்னொரு வேலை கிடைக்கலாம். மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை இங்கேயே வந்துவிடுகிறது.

குறிப்பு: இரண்டு தேதிகள் மோதினால், முன்னதாக வரும் தேதியிலிருந்து பின்னோக்கிப் பதினைந்து நாளை எண்ணுங்கள். இந்தப் பதினைந்து நாள் திட்டம் அந்த நாளில் தொடங்க வேண்டும்.

## படி 2: பட்டம் கட்டாயமா, கூடுதல் தகுதியா? (2 முதல் 4ஆம் நாள் வரை)

சில வேலைகளுக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது.

- பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு எம்.ஈ. அல்லது எம்.டெக். வேண்டும். கலை, அறிவியல் கல்லூரிகளில் முதுகலைக்கு மேல் நெட், செட் தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. கேட்பார்கள்.
- மருத்துவ உளவியலாளராகப் பணி செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். எம்.எஸ்ஸி. உளவியல் மட்டும் அதற்குப் போதாது.
- உயிரித் தொழில்நுட்பத்தில் ஆய்வகப் பணிக்கு இளநிலைப் பட்டம் பெரும்பாலும் போதாது.

சிப் வடிவமைப்பு, கட்டடங்களின் ஸ்ட்ரக்சுரல் டிசைன் போன்றவற்றில் சட்டப்படி கட்டாயம் இல்லாவிட்டாலும், முதுநிலை படித்தவர்களைத் தேடி எடுக்கும் வழக்கம் உண்டு. பொதுவான மென்பொருள் வேலைக்கோ இரண்டு ஆண்டு அனுபவமே பல இடங்களில் பட்டத்துக்கு ஈடாக நிற்கும்.

உங்கள் துறை எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம். இப்படிச் சோதியுங்கள்.

1. ஐந்து ஆண்டு கழித்து எந்தப் பதவியில் இருக்க ஆசை என்று ஒரு வரியில் எழுதுங்கள். ‘நல்ல வேலை’ என்று எழுதினால் செல்லாது. பதவியின் பெயர் வேண்டும்.
2. நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் அந்தப் பதவிக்கு வந்துள்ள இருபது விளம்பரங்களைத் திறங்கள்.
3. ஒவ்வொன்றிலும் முதுநிலைப் பட்டம் ‘கட்டாயம்’, ‘இருந்தால் நல்லது’, ‘பேச்சே இல்லை’ என்று மூன்று கட்டங்களில் கோடு போடுங்கள்.
4. ‘கட்டாயம்’ பத்தைத் தாண்டினால் பட்டம் நுழைவுச் சீட்டு. ஐந்துக்குக் கீழே இருந்தால் அது கூடுதல் தகுதி மட்டும். நடுவில் விழுந்தால் படி 7இல் சீனியர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: புதியவர்களுக்கான விளம்பரங்களைப் பார்ப்பது. அவற்றில் இளநிலைப் பட்டம்தான் கேட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மேற்படிப்பே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுவோம். நீங்கள் போய்ச் சேர விரும்பும் பதவிக்கான விளம்பரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

## படி 3: ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள் (5ஆம் நாள்)

ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் என்று போட்டிருந்தால் மாதம் 35,000 என்று வகுத்துவிடுகிறோம். அது கைக்கு வரும் தொகை அல்ல. நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை. ஒரு மாதிரிக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 2,10,000 என்று வைத்துக்கொள்வோம்.

- நிறுவனம் கட்டும் பி.எஃப். (அடிப்படையில் 12 சதவீதம்): 25,200
- பணிக்கொடைக்கு ஒதுக்குவது: சுமார் 10,100
- மருத்துவக் காப்பீடு: 6,000
- வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் தொகை (10 சதவீதம்): 42,000

இவற்றைக் கழித்தால் மீதம் 3,36,700. மாதம் சுமார் 28,050. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 2,100 போனால் ஏறத்தாழ 25,950. தொழில் வரி தனி. ஆக 35,000 என்று நினைத்தது 26,000க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறது. பி.எஃப். உங்கள் பணம்தான். ஆனால் வீட்டு வாடகையை அதிலிருந்து கட்ட முடியாது.

அடுத்து, சம்பளப் பட்டியலைத் தாண்டி இந்த வரிகளைத் தேடிப் பிடியுங்கள்.

1. பாண்ட்: எத்தனை ஆண்டு, முன்பே விலகினால் எவ்வளவு? ‘பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று சீனியர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. பாண்ட் இருந்தால், ‘ஓராண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறேன்’ என்ற திட்டத்தின் விலை அந்தத் தொகை.
2. நோட்டீஸ் காலம்: மூன்று மாதம் என்றால், ஜூலையில் வகுப்பில் சேர ஏப்ரலிலேயே ராஜினாமா கொடுக்க வேண்டும். கலந்தாய்வு அதற்குப் பிறகுதான் நடக்கும்.
3. சேரும் தேதி: தெளிவான தேதி இருக்கிறதா, ‘நிறுவனத்தின் தேவைக்கேற்ப’ என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். சம்பளம் சேர்ந்த நாளிலிருந்துதான்.
4. பயிற்சிக் காலம்: அந்த மாதங்களில் குறைந்த சம்பளமா? பயிற்சித் தேர்வில் தவறினால் வேலை போகுமா?

## படி 4: படிப்பின் உண்மையான விலை (6, 7ஆம் நாள்)

கல்லூரிக் கட்டணம் விலையின் ஒரு பகுதிதான். படிக்கும் காலத்தில் வாங்காமல் விட்ட சம்பளமும் விலையில் சேரும். கிடைக்கும் உதவித்தொகை கழியும்.

இந்தியாவில் எம்.டெக்.: கேட் மூலம் சேர்ந்து உதவித்தொகை பெறுபவருக்கு மாதம் 12,400 ரூபாய், 24 மாதம் வரை. மொத்தம் 2,97,600. மேலே கண்ட வேலையில் 24 மாதச் சம்பளம் 6,24,000 என்று வைப்போம். வித்தியாசம் 3,26,400. கட்டணம் ஒரு லட்சம் ஆகிறது என்று வைத்தால் விலை சுமார் 4.26 லட்சம். படித்து முடித்தபின் மாதம் 15,000 கூடுதலாகக் கிடைத்தால் இருபத்தெட்டு, இருபத்தொன்பது மாதத்தில் ஈடாகிவிடும். வேலையில் இருப்பவருக்கும் இன்கிரிமென்ட் வரும் என்பதால் மூன்று ஆண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆய்வுப் படிப்பு: படிப்பு என்றால் வருமானம் இல்லை என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். முதல் வேலையில் கைக்கு வருவதைவிட அதிகம். ஆனால் பணம் மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று எண்ணி வீட்டுக்கடன் தவணையை அதில் கட்டத் திட்டமிடாதீர்கள். தாமதம் ஆவதுண்டு; மூன்று, நான்கு மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும்.

வெளிநாட்டில் எம்.எஸ்.: இங்கேதான் கணக்கு கனக்கும். கடன் 40 லட்சம், வட்டி 11 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு ஆண்டு, அதற்குப் பிறகு ஆறு மாத அவகாசம். முழுத் தொகையும் முதல் நாளே வாங்கியிருந்தால், தவணை தொடங்கும் முன்பே சாதாரண வட்டி 11 லட்சம் சேர்ந்திருக்கும். செமஸ்டர் வாரியாக வாங்கினால் கொஞ்சம் குறையும். 51 லட்சத்தைப் பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 70,000 ரூபாய்.

இனி ஒரே ஒரு கேள்வி: அந்த நாட்டில் வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பினால் இந்த 70,000 ரூபாயை யார் கட்டுவார்கள்? அமெரிக்காவில் படித்தவர்கள் ஓ.பி.டி. என்ற அனுமதியில் 12 மாதமும், அறிவியல், தொழில்நுட்பப் பாடங்கள் என்றால் மேலும் 24 மாதமும் வேலை பார்க்கலாம். அதன்பின் ஹெச்-1பி விசா கிடைப்பது பெரும்பாலானவர்களுக்குத் திறமையை மட்டும் பொறுத்ததில்லை. விண்ணப்பம் அதிகம் என்பதால் குலுக்கல் நடக்கிறது. டாலர் சம்பளத்தை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். இந்தியச் சம்பளத்தை வைத்தும் ஒருமுறை போடுங்கள். இரண்டிலும் தாங்கினால்தான் கடன் வாங்கலாம்.

கைக்கணக்கு: பத்து ஆண்டுக் கடனுக்கு, ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை 9 சதவீத வட்டியில் சுமார் 1,267 ரூபாய், 11 சதவீதத்தில் சுமார் 1,378 ரூபாய். உங்கள் கடன் எத்தனை லட்சமோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கடனுக்கு முன் தேடுங்கள்: தமிழக ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையும் உண்டு. தகுதி இருந்தால், வங்கிக்குப் போகும் முன் இவற்றின் நடப்பு ஆண்டு விதிகளைப் பாருங்கள்.

## படி 5: வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள் (8, 9ஆம் நாள்)

நம் வீடுகளில் பணப் பேச்சைப் பிள்ளைகளிடம் மறைப்பது வழக்கம். ‘நீ படி, அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்று அப்பா சொல்வதைக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. தொகை தெரிய வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாக இதைத் தொடங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், நோட்டோடு உட்காருங்கள். இப்படித் தொடங்கலாம்:

“அப்பா, நான் முடிவு பண்ணிட்டு வரலை. ரெண்டு கணக்கும் எழுதிட்டு வந்திருக்கேன். நம்ம வீட்டுக் கணக்கு தெரியாம என்னால முடிக்க முடியாது. கடன் எவ்வளவு இருக்கு, யார்கிட்ட, எப்ப முடியும்னு மட்டும் சொல்லுங்க.”

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஓய்வு எந்த ஆண்டு? ஓய்வூதியம் உண்டா?
2. தம்பி, தங்கை படிப்புச் செலவு எந்த ஆண்டில் உச்சத்துக்குப் போகும்?
3. அடுத்த மூன்று ஆண்டில் திருமணம், வீடு கட்டுதல், அறுவை சிகிச்சை என்று பெரிய செலவு ஏதாவது?
4. கல்விக்கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்டால் தரச் சம்மதமா? பத்திரம் யார் பெயரில்?

நான்காவது கேள்வியை நழுவ விடாதீர்கள். பொதுத்துறை வங்கிகளின் பொதுவான திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. அதற்கு மேல் கேட்பார்கள். பேர்பெற்ற சில கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு தருகிறார்கள். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார்கள். நீங்கள் தவணை தவறினால் அவர்கள் வாசலுக்குத்தான் ஆள் வரும்.

பெண்களுக்கு: ‘வேலைக்குப் போனால் ஓராண்டில் கல்யாணம்’, ‘படிப்பு முடிந்தால் உடனே கல்யாணம்’ என்று இரண்டு வழியிலும் ஒரு மௌனமான தேதி வீட்டில் இருக்கலாம். அதை வெளிப்படையாகக் கேட்டு, தேதித் தாளில் எழுதிவிடுங்கள். ‘இரண்டு ஆண்டு வேலை, பிறகு எம்.எஸ்.’ என்று நீங்கள் திட்டமிட்டிருக்க, அந்த இரண்டு ஆண்டை வரன் பார்க்கும் காலமாக வீடு எடுத்துக்கொண்டால் திட்டம் நிற்காது. எழுதி, இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் பிற்பாடு பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும்.

## படி 6: நடுவழி இருக்கிறதா என்று பாருங்கள் (10ஆம் நாள்)

1. சேர்க்கையைத் தள்ளிவைத்தல்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில ஓராண்டு தள்ளிவைக்க அனுமதிக்கும். உதவித்தொகையும் கூடவே தள்ளி வருமா என்று தனியாகக் கேளுங்கள், பெரும்பாலும் வராது. பதிலை மெயிலில் வாங்குங்கள்.
2. வேலை பார்த்துக்கொண்டே படித்தல்: பிட்ஸ் பிலானியின் பணியாளர் படிப்புகள், ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி எம்.டெக். போன்றவை உண்டு. பதவி உயர்வுக்கு உதவும். துறையை முழுதாக மாற்ற நினைப்பவர்களுக்கு முழுநேரப் படிப்பு தரும் ஆய்வக அனுபவமும் கேம்பஸ் வேலைவாய்ப்பும் இதில் கிடைக்காது.
3. முதலில் வேலை, பிறகு படிப்பு: கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்வதால் நடைமுறையில் இதற்கு இடம் இருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: திரும்பும் ஆண்டை இன்றே எழுத வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வர வேண்டும். பைக் தவணை, போன் தவணை, பர்சனல் லோன் என்று தொடங்கிவிட்டால் திரும்பும் ஆண்டு தள்ளிக்கொண்டே போகும்.

## படி 7: சரியான ஆட்களிடம் கேளுங்கள் (11, 12ஆம் நாள்)

மாமா, பக்கத்து வீட்டுக்காரர், யூடியூப் சேனல் என்று எல்லோரிடமும் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நான்கு பேர் போதும்: அந்த நிறுவனத்தில் இரண்டு ஆண்டு முடித்த ஒருவர், அங்கிருந்து விலகிய ஒருவர், அந்தப் படிப்பை முடித்து வேலையில் இருக்கும் ஒருவர், முடித்தும் நினைத்த வேலை கிடைக்காத ஒருவர். நான்காமவரைத் தேடிப் பிடிப்பது கடினம். கல்லூரி விளம்பரத்தில் அவர் படம் இருக்காது. உங்கள் துறை சீனியர் ஒருவரிடம் கேட்டால் கைகாட்டுவார்.

- நிறுவனத்தவரிடம்: “சேர்ந்த ஆறாவது மாதம் உங்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?”
- படித்தவரிடம்: “உங்கள் பிரிவில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை, நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு?”
- இருவரிடமும்: “மறுபடி தேர்வு செய்யச் சொன்னால் எதை எடுப்பீர்கள், ஏன்?”

குறிப்பு: கல்லூரி சொல்லும் ‘அதிகபட்சப் பேக்கேஜ்’ ஒருவருடைய சம்பளம். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்வி நிறுவனங்கள் கொடுக்கும் தகவலில், வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளமும் எண்ணிக்கையும் முதுநிலைக்குத் தனியாக இருக்கும். கல்லூரியின் இணையதளத்திலேயே அதைப் பார்க்கலாம். எல்லாத் துறைக்கும் சேர்த்த எண் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

## படி 8: முடிவை எழுதுங்கள் (13, 14ஆம் நாள்)

இப்போது மூன்று கேள்விக்கும் விடை கையில் இருக்கிறது. பொருத்திப் பாருங்கள்.

- பட்டம் கட்டாயம், வீடு தாங்கும்: படிக்கப் போங்கள். ஆஃபர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், ஐந்து ஆண்டு கழித்து இதே கேள்வி கூடுதல் பொறுப்புகளோடு வந்து நிற்கும்.
- பட்டம் கட்டாயம், வீடு தாங்காது: உதவித்தொகையோடு இடம் இருந்து, அதில் உங்கள் செலவு போக வீட்டுக்கு எதுவும் அனுப்பத் தேவையில்லை என்றால் படியுங்கள். தேவை இருந்தால் வேலையில் சேருங்கள். பாண்ட் இல்லாத அல்லது குறைந்த வேலையாக இருக்கட்டும், திரும்பும் ஆண்டு எழுத்தில் இருக்கட்டும்.
- பட்டம் கட்டாயம் இல்லை, வீடு தாங்கும்: வேலையில் சேருங்கள். இரண்டு ஆண்டில் எந்தப் பிரிவில் படிக்க வேண்டும் என்ற தெளிவு வரும்.
- பட்டம் கட்டாயம் இல்லை, வீடும் தாங்காது: தயங்காமல் வேலை. கடன் வாங்கிப் படிக்க இங்கே காரணமே இல்லை.

ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: எதைத் தேர்ந்தெடுத்தேன், எந்த மூன்று காரணத்துக்காக, எது மாறினால் மறுபரிசீலனை செய்வேன். எழுதி ஒரு இரவு ஆறப் போடுங்கள். மறுநாள் படிக்கும்போது, ‘நண்பர்கள் எல்லோரும் போகிறார்கள்’, ‘சும்மா இருக்கக் கூடாதே’ என்பவை காரணப் பட்டியலில் இருந்தால் அவற்றை அடித்துவிட்டு மீதியைப் பாருங்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றால் படி 2க்குத் திரும்புங்கள்.

## படி 9: அறிவிக்கும் வரிசை (15ஆம் நாள்)

1. தேர்ந்தெடுத்த இடத்தில் முதலில் உறுதி செய்யுங்கள்: கட்டணம் கட்டிய ரசீது அல்லது கையெழுத்திட்ட ஆஃபர். அது கைக்கு வந்த பிறகே மற்றதை விடுங்கள்.
2. விடுவதை மெயிலில் தெரிவியுங்கள். நான்கு வரி போதும்: நன்றி, முடிவு, காரணம் ஒரு வரியில், வணக்கம். பொய்க் காரணம் வேண்டாம். இன்னொரு நாள் அதே நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க நேரலாம்.
3. கேம்பஸ் மூலம் வந்த வேலை என்றால் பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் முதலில் நேரில் சொல்லுங்கள். ‘ஒருவருக்கு ஒரு வேலை’ என்ற விதி உள்ள கல்லூரிகளில், நீங்கள் சத்தமில்லாமல் போகாமல் இருந்துவிட்டால் அடுத்த ஆண்டு ஜூனியர்களுக்கு அந்த நிறுவனம் வராமல் போகலாம்.
4. அவகாசம் தேவைப்பட்டால் கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள். ‘கொஞ்சம் டைம் வேண்டும்’ என்று கேட்காமல், தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: “கலந்தாய்வின் இரண்டாம் சுற்று முடியும் நாள் வரை அவகாசம் தர முடியுமா?”

## பாதுகாப்பு: கையெழுத்துக்கு முன் பாருங்கள்

- அசல் சான்றிதழ்: நிறுவனம் சரிபார்க்கக் கேட்டால் காட்டுங்கள், வைத்துக்கொள்ளக் கேட்டால் கொடுக்காதீர்கள். கல்லூரிகளும் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே அறிவித்திருக்கிறது. சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் யு.ஜி.சி. விதி உண்டு, அந்தந்த ஆண்டின் கடைசித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
- பணம் கேட்கும் வேலை: பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகுங்கள். மெயில் முகவரி நிறுவனத்தின் சொந்தத் தளத்தின் பெயரில் முடிகிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.
- வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்ட்: ‘எங்கள் சேவை இலவசம்’ என்றால் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வருகிறது என்று அர்த்தம். அவர்கள் காட்டும் பட்டியல் கமிஷன் தரும் இடங்களின் பட்டியலாக இருக்கலாம். வங்கி இருப்பைப் போலியாகக் காட்ட ஏற்பாடு செய்வதாகச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பிடிபட்டால் விசா மறுப்பு வருவது ஏஜென்டுக்கு அல்ல, உங்களுக்கு.
- ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள்: விசா முத்திரை விழும் முன் ராஜினாமா செய்யாதீர்கள். நோட்டீஸ் காலம் இடித்தால், மீதி நாளுக்குப் பணம் கட்டி விலக வழி உண்டா என்று பாருங்கள்.
- கல்விக்கடன்: கூட்டுக் கடனாளியான பெற்றோருக்குச் சுமை விழாதபடி, கடன் தொகைக்கு ஈடாக உங்கள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுங்கள். கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்.

## முடிவுக்குப் பின் செய்ய வேண்டியவை

வேலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் கேட் மதிப்பெண் காலாவதியாகும் தேதியைப் போன் காலண்டரில் ஓராண்டு முன்னறிவிப்போடு போட்டுவையுங்கள். பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய இரண்டு பேராசிரியர்களிடம் கல்லூரியை விட்டுப் போகும் முன்பே சொல்லிவையுங்கள். மூன்று ஆண்டு கழித்துப் போனால் உங்களை நினைவுபடுத்தவே தனி மெயில் எழுத வேண்டியிருக்கும்.

படிப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆஃபர் தந்த நிறுவனத்தின் ஹெச்.ஆர். தொடர்பை அழிக்காதீர்கள். முதல் செமஸ்டர் முடிந்ததும், படி 2இல் பார்த்த இருபது விளம்பரங்களை மறுபடி எடுத்து, அவற்றில் கேட்டிருக்கும் திறன்களில் எத்தனை உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று சரிபாருங்கள். இல்லாதவற்றை இரண்டாம் செமஸ்டரிலேயே விருப்பப் பாடமாகவோ புராஜெக்டாகவோ சேர்த்துக்கொள்ளலாம். கடைசி செமஸ்டரில் கண்டுபிடித்தால் அதற்கு நேரம் இருக்காது.